கண்டென்சர் எந்த வகையறா?

வாலே மருமவனே, வா. செருப்பக் கழட்டிட்டுத் திண்ணையில ஏறி உக்காரு. அந்த அட்டப்பெட்டிய இப்பிடி வை. என்னது, சாம்பிளா? பலகாரம்னுல்லா நெனச்சேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கித்தான வந்திருக்க. மாமனுக்கு ஒரு பாக்கெட் கடலமிட்டாய் வாங்கணும்னு தோணல, கார் ஏசிக் கம்ப்ரசரத் தூக்கிக்கிட்டு வந்திருக்க. சரி, கடிச்சிப் பாக்கவா முடியும்? கரண்டு வேற இல்ல. அந்தப் பனையோல விசிறிய எடு, பேசுவோம்.

உங்கம்மா போன்ல சொன்னா, எம்புள்ள மொதலாளி ஆகப் போறான்னு. சீனாவுல இருந்து கார் ஏசிச் சாமான் எறக்கி, புதுப்பேட்டையிலயும் ஜி.பி. ரோட்டுலயும் கடைக்குக் கட போட்டு விக்கப் போறியாம்ல? நல்ல ரோசன. நம்ம பக்கத்துல மழைக்குப் பஞ்சம் வந்திருக்கு, வெயிலுக்கு என்னைக்காவது வந்திருக்கா? சரக்கு பாத்தாச்சு, கப்பல் பாத்தாச்சு, பணமும் பொரட்டியாச்சு, கஸ்டம்ஸ்ல என்ன நம்பர் போடணுங்கறது ஒண்ணுதான் சந்தேகம்னு நீ சொன்னியே, அப்பந்தான் எனக்கு வெத்தல பொறையேறுச்சு. மண்டபம் பேசியாச்சு, பந்தியும் சொல்லியாச்சு, பொண்ணு யாருங்கறதுதான் பாக்கின்னு ஒருத்தன் சொன்னானாம்.

உன் கூட்டாளிக மூணு பேரு ரோசன சொன்னதாச் சொன்ன. ஒருத்தன், எல்லாமே கார்ல மாட்டுறதுதான, 8708-னு ஒரே நம்பரா அடிச்சி விட்ருன்னான். இன்னொருத்தன், எல்லாமே ஏசிதான, 8415-னு அடின்னான். மூணாவது ஆளு, எதுல டூட்டி கொறச்சலோ அதப் போடுன்னான். அந்த மூணாவது ஆளு சகவாசத்த மட்டும் விட்றாத மருமவனே. நாளைக்கு நோட்டீஸ் வந்தா, வக்கீல் ஆபீசுக்கு வழி அவனுக்குத்தான் தெரிஞ்சிருக்கும்.

நான் மண்ணடியில ஒரு கிளியரிங் ஆபீஸ்ல குமாஸ்தாவா இருந்து முடி நரச்சவன். நான் சேந்தப்ப எங்க ஆபீஸுக்குக் கஸ்டம் ஹவுஸ் ஏஜெண்டுன்னு பேரு. 2013-ல கஸ்டம்ஸ் புரோக்கர்னு மாத்துனாங்க. பேருதான் மாறுச்சு, திட்டு வாங்குறது மாறல. ராஜாஜி சாலையில அந்தக் கஸ்டம்ஸ் கட்டடத்துப் படியில நான் ஏறி எறங்குன ஏத்தத்துக்கு, நேரா ஏறியிருந்தா கைலாசமே போயிருப்பேன். சுங்கம் தவிர்த்த சோழன்னு ஒரு ராசா இருந்தான்லா, குலோத்துங்கன். அவன் பேரச் சொல்லி அந்தப் படியில எத்தன நாள் கும்புட்டிருக்கேன் தெரியுமா? அவன் தவிர்த்ததெல்லாம் அந்தக் காலத்தோட சரி.

நீ கேக்குற நம்பர் புஸ்தகம் இருக்கே, டாரிஃபு, அத ஒரு ஊருன்னு வச்சிக்க. 21 வட்டாரம், 97 தெரு. அதுல 77-ஆம் தெரு காலி மன. என்னைக்காவது வேணும்னு விட்டு வச்சிருக்கான். நம்ம ஆளுக சும்மா இருப்பானா, பயணிக லக்கேஜுக்கும் பெரிய பிராஜக்டுக்கும் 98-னு தனியா ஒரு தெரு போட்டுக்கிட்டான். இந்த ஊர அளந்து போட்டது பிரஸ்ஸல்ஸ்ல இருக்குற உலக சுங்க அமைப்பு. உலகத்துக்கு 1988 சனவரியில அமலுக்கு வந்துச்சு, நாம அதுக்கு முந்தியே, 1986-லயே அதுக்குள்ள குடி போயாச்சு. மொத ரெண்டு எழுத்து தெரு, நாலு எழுத்து வீடு, ஆறு எழுத்து அறை. அதுவரைக்கும் சீனாக்காரனுக்கும் நமக்கும் ஒரே வெலாசம். அதுக்கு மேல நம்மாளு ரெண்டு எழுத்து சேத்து எட்டாக்குவான், சீனாக்காரன் பத்தாக்குவான். அதனால அவன் இன்வாய்ஸ்ல போட்ட நம்பர அப்பிடியே வழிச்சி நாம கஸ்டம்ஸ்ல குடுக்குற பில் ஆஃப் என்ட்ரியில ஒட்டாத. அவன் வீட்டுச் சாவி நம்ம வீட்டுப் பூட்டுக்குச் சேராது. மொத ஆறு எழுத்தக்கூட அவன் சரியாத்தான் போட்டான்னு உனக்கு யாரு சொன்னா? ஏத்துமதி பண்ணுறவனுக்கு அங்க என்ன வசதியோ அதப் போட்டிருப்பான்.

இப்பம் நடு விசயத்துக்கு வாரேன், காதக் கொடு. 87-ஆம் தெரு கார்த்தெரு. அங்க 8708-னு ஒரு வீடு, கார்ச் சாமான் எல்லாத்துக்கும். பாக்குற எல்லாவனுக்கும் அந்த வீட்டுக்குள்ள பூந்துரலாம்னுதான் தோணும். ஆனா வாசல்லயே ஒரு கெழவி உக்காந்திருக்கா. பதினேழாம் பகுதி, ரெண்டாம் குறிப்புன்னு அவளுக்குப் பேரு. அவ சொல்லுறது என்னன்னா: காருக்குன்னே செஞ்சதுன்னு பாத்தாலே தெரிஞ்சாலும் சரி, சில சாமானக் கார்ச் சாமான்னு நான் ஒத்துக்க மாட்டேன். 8401-ல இருந்து 8479 வரைக்கும் உள்ள மிஷினு, அதோட உதிரி, எதையும் உள்ள விட மாட்டேன். 85-ஆம் தெருக் கரண்டுச் சாமானையும் விட மாட்டேன். 90-ஆம் தெரு அளவு பாக்குற கருவியையும் விட மாட்டேன். ரப்பர் வாசரு, நட்டு போல்ட்டு, எதுவும் நடக்காது. எல்லாம் அதது பொறந்த வீட்டுக்குப் போ. நம்மூர்ல பொண்ணு கட்டிக் கொடுத்தா புகுந்த வீட்டுப் பேரு வந்துரும். இந்த ஊர்ல அப்பிடிக் கெடையாது. கார் வீட்டுக்கு வாக்கப்பட்டு, கார்லயே கெடந்து, கார்லயே செத்தாலும், ரேஷன் கார்டுல பொறந்த வீட்டுப் பேருதான்.

இந்தா, நீ தூக்கிட்டு வந்த கம்ப்ரசர். கார் கம்பெனி முத்திர குத்தியிருக்கு, இன்ன மாடலுக்குன்னு நம்பரும் இருக்கு. வேற எதுலயும் சேராதுன்னு சத்தியம் பண்ணுவ. பண்ணு. ஆனாலும் அது காத்த அமுக்குற மிஷினு, 8414. அந்த வீட்டுக்குள்ளயும் ஒரு பங்காளிச் சண்ட உண்டு. குளிரூட்டுற சாதனத்துக் கம்ப்ரசர்னு 8414 30 ஒரு அறை, ஏர்கண்டிஷன் காஸ் கம்ப்ரசர்னு நம்மாளு பிரிச்சி விட்ட 8414 80 11 இன்னொரு அறை. அந்தச் சண்டையில நீ தலயக் கொடுக்காத, அத புரோக்கர் பாத்துக்கிடுவான்.

முன்னால வட்டமா இருக்கு பாரு கிளட்சு, அத மட்டும் தனியா எறக்குனா 8505. காந்தத்துல ஒட்டுற கிளட்சு. கம்ப்ரசரோட சேந்து வந்தா அது கம்ப்ரசரோட ஐக்கியம். பெல்ட்டு ரப்பரு, 4010. எக்ஸ்பான்ஷன் வால்வு? வால்வு எங்க போனாலும் வால்வுதான், 8481. ப்ளோயரு, விசிறி மாட்டி வந்தா 8414, வெறும் மோட்டாரா வந்தா 8501. காஸ் ஹோஸு ரப்பர்னா 4009. ஓ ரிங்குன்னு கால் ரூவா கனத்துல ஒரு வளையம் இருக்குமே, அதுக்கு 4016-ல தனி எடம். உள்ள ரொப்புற ஆர் 134ஏ காஸ் ரசாயனத் தெருவுக்கு ஓடிரும், 29. பிரஷர் சுவிச்சுன்னு ஒண்ணு இருக்கு, அத 90-ங்கான் ஒருத்தன், 85-ங்கான் ஒருத்தன். நான் வேல பாத்த காலம் பூரா ரெண்டு பேரும் அடிச்சிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஒரு பானெட்டுக்குள்ள ஒரு முழத்துக்குள்ள ஒட்டிக்கிட்டுக் கெடக்குற சாமானுக்கு இத்தன தெரு. உன் கூட்டாளி ஒரே நம்பர்னான்!

என்ன முழிக்க? கூலிங் காயிலும் கண்டென்சரும் எங்கன்னு கேக்கியா. அதுக தனியா எந்த மிஷின் வீட்டுலயும் பேரு வாங்காத அப்பாவிக. பதினாறாம் பகுதியிலயும் இதே மாதிரி ஒரு ரெண்டாம் குறிப்பு உண்டு. தனக்குன்னு வீடு இருக்குற உதிரி அந்த வீட்டுக்குப் போகணும். இல்லாதது, எந்த மிஷினுக்குன்னே செஞ்சதோ அந்த மிஷின் வீட்டுல ஒண்டிக்கிடணும்னு அதுல சொல்லுது. அந்தக் கணக்குல இதுக ஏசி வீட்டு உதிரி, 8415 90. அதுலயும் 8419 வீட்டுக்காரன், சூடு மாத்துறதெல்லாம் எங்க சாதிசனம்னு இடையில வந்து கையப் புடிச்சி இழுப்பான். காருக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச ஏசிக் கண்டென்சர்னு படத்தோட காட்டுனா விட்ருவான்.

இந்தக் கண்டென்சர்ல நான் பட்ட அவமானத்தச் சொல்லவா? அப்பந்தான் 1996-ல உலகத்து டாரிஃப்ல கார் ஏசிக்குன்னே 8415 20-னு தனி அறை பிரிச்சாங்க. அதுக்குக் கொஞ்ச நாள் கழிச்சி, துறைமுகத்து ஷெட்டுல ஒரு மரப்பெட்டி. ஒடச்சிப் பாத்தா வெள்ளி வெள்ளியா அலுமினியத் தகடு, நடுவுல வளைஞ்சி வளைஞ்சி குழாய். நான் பெரிய மேதாவி மாதிரி ரேடியேட்டர்னு எழுதிட்டேன். அந்தக் கெழவி சொன்னால்லா, மிஷின் எதையும் விட மாட்டேன்னு, அதுல ஒரே ஒரு ஆளுக்கு விதிவிலக்கு: வண்டி ரேடியேட்டர். அவ ஒருத்திதான் புகுந்த வீட்டுக்கே முழுசா எழுதிக் கொடுத்த மருமவ. 8708 91-னு அவளுக்குத் தனி அறையே உண்டு. எனக்கு அந்த விதிவிலக்கு தெரியுங்கற திமிரு. கஸ்டம்ஸ் அப்ரைசர் வந்தாரு, திருநவேலிப் பக்கத்து ஆளு. பெட்டியத் திருப்பிப் பாத்தாரு, கவுத்துப் பாத்தாரு. மெதுவா எங்கிட்ட கேட்டாரு: "ஓய், ரேடியேட்டர்னா தண்ணி ஊத்தணும்லா? வாய் எங்க வே? எதுல ஊத்துவீரு, மூக்குலயா?" கூலிக்காரன் மொதக்கொண்டு சிரிச்சிட்டான். ரெண்டும் காரு மூஞ்சியில ஒண்ணு முன்னால ஒண்ணு பின்னால நிக்கும், அச்சு அசல் அக்கா தங்கச்சி மாதிரி. ஒண்ணு எஞ்சின் தண்ணியக் குளுத்தும், இன்னொண்ணு ஏசிக் காஸக் குளுத்தும். அக்கா புகுந்த வீடு, தங்கச்சி பொறந்த வீடு. அன்னைல இருந்து எந்தப் பெட்டியத் தொறந்தாலும் மொதல்ல வாயத் தேடுவேன்.

அதவிட வேடிக்க ஒண்ணு. வண்டிக்கு மாட்டுற குளிர் மிஷினு எல்லாம் ஒண்ணுன்னு நெனைக்காத. உள்ள உக்காந்திருக்குறது மனுசனா மீனான்னு கேப்பாங்க. 8415 20-க்கு வாசகமே, மோட்டார் வண்டியில ஆளுகளுக்குன்னு உள்ளதுன்னுதான். தூத்துக்குடியில இருந்து ஐஸ்மீன் ஏத்திட்டுப் போற லாரியோட பெட்டிக்கு மாட்டுறது குளிர்பதன மிஷினு, 8418 வீடு. அந்த லாரி டிரைவருக்குக் காத்து அடிக்கறது 8415, பின்னால கெடக்குற வஞ்சிரத்துக்கு அடிக்கறது 8418. டிரைவருக்கு எவ்வளவு மரியாத பாத்தியா? வரியும் அவனுக்குத்தான் கூட இருக்கும்.

வரின்னதும் நிமிந்து உக்காந்துட்ட. சதவீதம் கேக்கணும், அதான உனக்கு? 2018 பட்ஜெட்டுல கார் உதிரிக்கு 15 ஆக்குனாங்க. அதே வருசம் செப்டம்பர் 27-ல ஏசி மிஷினுக்கு ஒரே ராத்திரியில 10-ல இருந்து 20. கம்ப்ரசர் அன்னைக்கு ஏழரையில இருந்து 10 ஆச்சு; ஆமா, ஏழரதான், அதுக்கே சனி புடிச்ச மாதிரி ஏற ஆரம்பிச்சிருச்சு. 2020-ல பன்னெண்டர, 2021-ல 15. அதுக்கு மேல சமூக நலக் கூடுதல் வரின்னு டூட்டியில பத்துல ஒரு பங்கு. ஜிஎஸ்டியில மட்டும் ஒரு சண்ட தீந்துச்சு: 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் உதிரி எந்த நம்பர்ல வந்தாலும் 18-ன்னுட்டாங்க, ஏசியும் 28-ல இருந்து 18-க்கு எறங்குச்சு. நான் சொல்லுறத நம்பி ரேட்டு போட்றாத. வருசா வருசம் பிப்ரவரி பட்ஜெட்டுல என்ன பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? பில் போடுற நாளோ கப்பல் உள்வரவு நாளோ, எது பிந்துதோ அன்னைக்கு என்ன ரேட்டோ அதப் பாரு.

இப்பம் பாரு, உன் புத்தி எங்க போகும்னு எனக்குத் தெரியும். முழு ஏசிக்கு 20, கார் உதிரின்னா 15. அப்பம் முழு ஏசியக் கழட்டி, கம்ப்ரசர் தனி, கண்டென்சர் தனி, காயில் தனின்னு பிரிச்சிக் கொண்டாந்துட்டா? அடடா, நீ பொறக்கறதுக்கு முந்தியே அந்த ரோசன பண்ணி மாட்டிக்கிட்டவன் எத்தன பேருன்னு தெரியுமால உனக்கு? டாரிஃபுக்கு விளக்கம் சொல்ல ஆறு விதி இருக்கு. அதுல 2(அ)ன்னு ஒண்ணு. பிரிச்சிப் போட்டாலும், ஒண்ணு ரெண்டு கொறஞ்சாலும், முழுசோட லட்சணம் அதுல இருந்தா முழுசுன்னே எடுத்துக்கிடுவேங்கும். கைய ஒரு பெட்டியில, கால ஒரு பெட்டியில அனுப்பிட்டு, ஆளே வரலன்னு சொன்னா எவன் நம்புவான்? ஒரே கண்டெய்னர்ல ஒரே மாடலுக்கு நூறு கம்ப்ரசர், நூறு கண்டென்சர், நூறு காயில், நூறு ப்ளோயர்னு செட்டு செட்டா வந்து நின்னா, அது உதிரியா முழு ஏசியான்னு ஒரு பச்சப்புள்ள கூடச் சொல்லிரும். கடைக்கு உதிரியா விக்க வாரவன் சரக்கு அப்பிடிச் செட்டாவா வரும்? இன்னைக்கு நாப்பது கம்ப்ரசர், ஏழு கண்டென்சர், ஐநூறு ஓ ரிங்குன்னு தாறுமாறாத்தான் வரும். தாறுமாறுதான் உனக்குச் சாட்சி.

சரி, அதிகாரிமாரு மட்டும் என்ன சாமியாரா? அதையும் சொல்லணும்ல. கார் தரையில விரிக்கற கம்பளம், காரு அளவுக்கு வெட்டினது, வீட்டுல போட்டா எந்த மூலைக்கும் சேராது. எக்சைஸ்காரன் அது கார்ச் சாமான், 8708-ன்னான். கம்பெனிக்காரன் கம்பளம் கம்பளம்தான், 5703-ன்னான். கடைசியில 2020-ல சுப்ரீம் கோர்ட்டு கம்பளம்தான்னு சொல்லிருச்சு. இன்னொரு பக்கம், ரயில் சிக்னலுக்குன்னே செஞ்ச ரிலே. அதே எக்சைஸ்காரன் இப்பம் என்ன சொல்லுதான், ரயிலுக்குப் போனா என்ன, அது கரண்டுச் சாமான், 8536. கம்பெனிக்காரன் இல்ல, அது ரயில் சிக்னலோட உதிரி, 8608-ங்கான். கம்பளத்துக்குப் புகுந்த வீட்டப் பாரு, ரிலேவுக்குப் பொறந்த வீட்டப் பாருன்னு ஒரே வாய் ரெண்டு விதமாப் பேசுது. எந்த வீட்டுல வரி கூட இருக்கோ அந்த வீட்டுக்குப் பொண்ண அனுப்புற மாமியார் மாதிரி. கம்பெனிக்காரனும் அப்பிடித்தான், எதுத்த வீட்டுப் பக்கம் இழுப்பான். உன் மூணாவது கூட்டாளி ரெண்டு பக்கமும் இருக்கான்.

அந்த ரிலே வழக்குல 2021 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு கம்பெனிக்காரன் பக்கம் சொல்லிருச்சு. முக்கியமா எதுக்குப் பயன்படுதோ அதப் பாருன்னு ஒரு அடி. அவ்வளவுதான், வாசல்ல உக்காந்திருந்த கெழவிக்கு மரியாத போச்சு. அதுவரைக்கும் ஆளுக்கொரு வீட்டுல நிம்மதியா இருந்த கார்ச் சாமான் எல்லாத்தையும், "இப்பிடிப் பாத்தா நீயும் 8708-தான"ன்னு கெளப்ப ஆரம்பிச்சிட்டாங்க. எந்தப் பழைய பில்ல எவன் நோண்டுவானோன்னு வியாபாரிக வயித்துல புளியக் கரச்சிட்டு. அப்பறம் 2022 சனவரி 5-ஆம் தேதி மேலிடத்துல இருந்து ஒரு அறிவுறுத்தல் வந்துச்சு: அய்யா, அந்தத் தீர்ப்பு அந்த ரிலேவோட வெவரத்துக்கு; எல்லாச் சாமானுக்கும் கண்ண மூடிக்கிட்டு ஒட்டாதீங்க, குறிப்பையும் மத்த தீர்ப்பையும் பாத்து ஒவ்வொண்ணா முடிவு பண்ணுங்கன்னு. கெழவி திரும்பவும் வாசல்ல வந்து உக்காந்தா. ஆனா ஒரு தடவ எந்திரிக்க வச்சவன் இன்னொரு தடவ எந்திரிக்க வைக்க மாட்டானா? அந்தப் பயம் இன்னும் பஜார்ல இருக்கு. இருக்கட்டும், பயம் நல்லது.

எங்க காலத்துல அப்ரைசர நேர்ல பாத்துச் சிரிக்கலாம், அழலாம், சாமானக் கையில கொடுத்து "நீங்களே தொட்டுப் பாருங்க சார்"னு சொல்லலாம். எங்கிட்ட வாய் எங்கன்னு கேட்டவரு அதே எடத்துலயே திருத்தியும் விட்டாரு, மகராசன். இப்பம் மூஞ்சி காட்டாத அசெஸ்மெண்டு. 2020 சூன் 8-ல பெங்களூருலயும் நம்ம சென்னையிலயும்தான் மொதல்ல ஆரம்பிச்சாங்க, அதுவும் எந்தச் சரக்குக்கு? 84, 85-ஆம் தெருச் சரக்குக்கு. உன் கம்ப்ரசர் தெருவுலதான் பிள்ளையார் சுழி. சரக்கு நம்ம துறைமுகத்துல கெடக்கும், பில்லப் பாக்குறவரு எந்த ஊர்லயோ உக்காந்திருப்பாரு. அவரு உன் பெட்டியப் பாக்கப் போறதில்ல, நீ எழுதுன எழுத்தத்தான் பாப்பாரு. அங்க போயி "ஆட்டோ ஏசி பார்ட்ஸ் - 1 லாட்"னு எழுதி வச்சா, அவரு கேள்விக்கு மேல கேள்வி போடுவாரு. நீ பதில் தேடுற ஒவ்வொரு நாளுக்கும் கண்டெய்னர் யார்டுக்காரன் வாடக போடுவான், கப்பல்காரன் டிடென்ஷன் போடுவான். இன்வாய்ஸுலயே ஒவ்வொரு சாமானுக்கும் பேரு, பார்ட் நம்பர், எதால செஞ்சது, என்ன பண்ணும், எந்த வண்டிக்குன்னு சீனாக்காரன எழுத வையி. கேட்டலாக் பக்கத்தக் கையில வச்சிக்க. ஹோஸு ரப்பரா பிளாஸ்டிக்கான்னு தெரியாம நம்பர் போட்டா தெருவே மாறிரும், 39 வேற, 40 வேற.

2011-ல இருந்து சுய மதிப்பீடு. அதாவது பரீட்ச நீயே எழுதிக்க, மார்க்கும் நீயே போட்டுக்க. ஆகா, எவ்வளவு நம்பிக்கன்னு நெனப்ப. பேப்பரத் திருத்த அவன் பின்னாடி வருவான். சாதாரணத் தப்புன்னா ரெண்டு வருசம் பின்னால போவான். தெரிஞ்சே மறச்சன்னு சொன்னா அஞ்சு வருசம். கணக்குப் போட்டுக் காட்டவா? பத்து லட்ச ரூவாச் சரக்கு. 20 கட்ட வேண்டிய எடத்துல 15 கட்டுன. 50,000 மிச்சம், கூடுதல் வரியோட சேத்து 55,000. ஜிஎஸ்டியத்தான் வரவு எடுத்துக்கிடுவ, அத விடு. சந்தோசமாக் கறிச்சோறு தின்ன. இப்பிடி இருவது தடவ தின்னா 11 லட்சம். அஞ்சாம் வருசம் வந்து அந்த 11 லட்சம், வருசத்துக்கு 15 சதவீத வட்டி, மறச்சன்னு முடிவானா வரிக்கும் வட்டிக்கும் சமமா அபராதம்னு நீட்டுவான். நோட்டீஸ் வந்து 30 நாளைக்குள்ள வரியும் வட்டியும் 15 சதவீத அபராதமும் கட்டுனா அதோட முடிச்சி விடுவான், அது ஒரு தயவு. ஆனா இருவது தடவ வித்த சாமானுக்கு அந்தக் கார்க்காரன்கிட்டப் போயி, "அண்ணாச்சி, அன்னைக்குக் கொறச்சி வாங்கிட்டேன், மிச்சம் 500 குடுங்க"ன்னு கேக்க முடியுமா?

ரொம்பப் பயந்துட்டியா? வெளிறிப் போயிட்டியே. பயப்படாத, வழியும் இருக்கு. கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே, இந்தச் சாமானுக்கு இது நம்பராய்யான்னு கேட்டு எழுதி வாங்கிரலாம். முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம்னு தில்லியிலயும் மும்பையிலயும் இருக்கு. மூணு மாசத்துல சொல்லணும்னு சட்டம். சொன்னது மூணு வருசத்துக்குச் செல்லும், சட்டமோ நடந்த வெவரமோ மாறாத வரைக்கும். ஓ ரிங்குக்கெல்லாம் போயி கேட்டுக்கிட்டு நிக்காத, சிரிப்பாங்க. எதுல பணம் அதிகமோ, எதுல ரெண்டு வீட்டுக்காரன் இழுக்கானோ, அத மட்டும் கேளு. தாய்லாந்து, கொரியா, சப்பான் சரக்குன்னா ஒப்பந்தத்துல டூட்டி கொறையும்னு எவனாவது ஆச காட்டுவான். அதுக்கும் நம்பர் சரியா இருக்கணும், அங்க உண்மையிலயே செஞ்சதுன்னு காயிதமும் உன் கையில இருக்கணும். 2020 செப்டம்பர்ல இருந்து அத வாங்கி வைக்கற பொறுப்பு உன் தலையில. சீனாச் சாமானத் தாய்லாந்துல சட்ட மாத்திக் கொண்டு வந்தா கண்டுபுடிக்க மாட்டானா?

எல்லாத்துக்கும் மொதல்ல உன் பெட்டியில இருக்குற ஒவ்வொண்ணையும் வெளிய எடுத்து இந்தத் திண்ணையில வரிசையா வையி. நம்பரும் சதவீதமும் தெரியாத ஆளுகிட்ட, எங்க உங்கத்தையக் கூப்பிட்டே காட்டு. இது என்ன செய்யும்னு கேளு. அவ சொல்லுற பேரு எந்த வீட்டு வாசல்ல எழுதியிருக்குன்னு பாரு, குறிப்பப் பாரு, அப்பறம் கடைசியா ரேட்டப் பாரு. நீ ரேட்டுல ஆரம்பிச்சிப் பின்னால நடந்து வார. முதுகுக்குப் பின்னால கெணறு இருந்தா உனக்கெப்பிடித் தெரியும்?

சிரிக்க. சரி, படிச்ச பயதான, ஒரு பரீட்ச வைக்கேன். உன் கையில இருக்கே பனையோல விசிறி, அரமணி நேரமா எனக்கு வீசுதியே, அதுக்கு என்ன நம்பர்? ரோசிச்சிச் சொல்லு.

8414-ஆ! விசிறின்னா 8414-ன்னு படிச்சி வச்சிருக்க. லே, இவ்வளவு நேரம் எவன்கிட்டல பேசுனேன்? அது மோட்டார் வச்சிச் சுத்துற விசிறிக்கு. இதுல எங்க மோட்டாரு, உன் மணிக்கட்டா? இது ஓலயக் கிழிச்சி, உங்கத்த கையால பின்னுனது. பின்னுன சாமானுக்கு 46-ஆம் தெரு. பேரு விசிறி, வேல விசிறி, வகையறா பாயும் கூடையும். கண்டென்சர ரேடியேட்டர்னு எழுதுன எம்மருமவன்தான் நீ, சந்தேகமே இல்ல.

ஏ, கரண்டு வந்துட்டு பாரு. எந்திரிச்சிப் போயி அந்த ஃபேனப் போடு. அதுதான் 8414.